தூங்கட்டும் விடு என்று சொன்னவள்

வசம்பு சுட்ட வாடை வந்தாலே நான் வாசலிலேயே நின்றுவிடுவேன். இன்று காலை நம் மலையில் கடைசி வீட்டுக்குள் நுழைந்ததும் அதே வாடை. ஒன்பது நாள் பெண்குழந்தை தூளியில் அசையாமல் கிடந்தது. "நேத்து வசம்பு உரசி நாக்குல தடவுனேன். அதான் நல்லாத் தூங்கிக்கினு இருக்குது" என்றாள் பெற்றவளின் மாமியார். அடியே, எனக்கு உன் வீடுதான் கண்ணுக்குள் வந்தது.

உனக்கு ஞாபகம் இருக்கிறதா? செத்துப்போனவளிடம் கேட்கிற கேள்வியைப் பார்! உன் பையனுக்கு அன்று பத்தாவது நாள். முந்தின நாள்தான் வசம்பு கொடுத்திருந்தீர்கள். பால் கட்டிக் கல்லாய்ப்போன மாரோடு வரப்பைத் தாண்டி வந்து என்னைக் கூப்பிட்டாய். "இன்னாடி இது, வாயில வெச்சா சப்பவே மாட்டேங்குறான்?" நான் இரண்டு பெற்றவளாம், எனக்கு எல்லாம் தெரியுமாம். "வசம்புத் தூக்கம்டி அது. தூங்கட்டும் விடு, பசிச்சா தானா எழுந்துக்குவான்" என்று சொல்லிவிட்டு மரவள்ளிக் கிழங்கு பிடுங்கப் போய்விட்டேன். மத்தியானம் உன் அலறல் கேட்டுத்தான் காட்டிலிருந்து ஓடிவந்தேன்.

நீ என்னைத் திட்டவில்லை. புதைத்துவிட்டு வந்த பிறகு ஒரே ஒரு தடவை, "நீதானடி தூங்கட்டும்னு சொன்ன" என்றாய். அந்தக் குரலில் கோபம்கூட இல்லை. பிறகு காமாலை வந்து நீ போகும்வரை அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. திட்டியிருக்கலாமே, பாவி.

நீ போன பிறகுதான் பிள்ளை பெற்ற வீடுகளைப் போய்ப் பார்க்கிற இந்த வேலையில் சேர்ந்தேன். பயிற்சியில் டாக்டரம்மா சொன்னார்: பச்சைக்குழந்தை பால் குடிக்காமல், தட்டினாலும் எழாமல் கிடந்தால் அதைத் தூக்கம் என்று நினைக்காதீர்கள். ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கலாம், சர்க்கரை இறங்கியிருக்கலாம், காமாலை முற்றியிருக்கலாம், உடம்பு சில்லிட்டிருக்கலாம். எதுவென்று வீட்டில் உட்கார்ந்து சொல்ல முடியாது, உடனே தூக்கிக்கொண்டு வாருங்கள். நாக்கில் வசம்பும் வைக்கக் கூடாதாம். நான் கக்கூசுக்குள் போய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு அழுதேன்.

இன்று அந்தக் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. கை கால் சில்லென்று இருந்தது. "கீழ இட்டுக்கினு போவணுங்க, இப்பவே" என்றேன். "பேரு வெக்காத புள்ளய வாசப்படி தாண்ட வுடமாட்டேன். தூங்குறத எழுப்பாத" என்று மாமியார் குறுக்கே நின்றாள். கெஞ்சினேன், காலில் விழுந்தேன். அசையவில்லை. அப்போதுதான் இத்தனை வருஷம் யாரிடமும் சொல்லாததைக் கத்தினேன்: "இப்படித்தாங்க ஒரு புள்ளய நான் சாவ வுட்டேன்! தூங்கட்டும்னு சொன்னவ நான்தாங்க!"

அவள் விலகி நின்றாள். உடம்பில் சூடு ஏறட்டும் என்று தாயின் வெறும் மாரோடு குழந்தையை அணைத்துச் சேலையால் சுற்றி, மலையிறங்குகிற ஜீப்பில் ஏற்றினேன்.

இப்போது கள்ளக்குறிச்சி பெரிய ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். "இப்ப ஒண்ணும் சொல்ல முடியாதுங்க" என்று டாக்டர் உள்ளே போய்விட்டார். பக்கத்தில் அந்தச் சின்னப்பெண், பால் கட்டிய மாரைப் பிடித்துக்கொண்டு, "அக்கா, புள்ள எழுந்துக்குமா?" என்று கேட்டபடியே இருக்கிறாள். அன்றைக்கு உன்னிடம் அவ்வளவு தைரியமாகப் பேசின நான், இன்று அவள் தோளை மட்டும் அணைத்துக்கொள்கிறேன். உன் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு, மூடிய கதவையே பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

உள்ளே கிடக்கிற குட்டி, அழுடி தாயே. ஒரே ஒரு தடவை அழு.