நிமிடத்துக்கு ஒரு சுற்று

பிப்ரவரி 9, ஞாயிறு

நெடுமாறனும் குழுவிலிருந்து விலகிவிட்டான். வேலை கிடைத்துவிட்டதாம். நாலு பேராக ஆரம்பித்தோம், இப்போது நானும் பாரதியும்தான். மாணவர்களின் சோதனைகளை ராக்கெட்டில் ஏற்றுகிறார்கள். அதற்கான விண்ணப்பத்தில் குறைந்தது இரண்டு பேர் இருக்க வேண்டும். கடைசி நாள் இருபது.

பாரதிக்கு மூன்று முறை போன் செய்தேன். எடுக்கவில்லை.

பிப்ரவரி 13, வியாழன்

காலை எட்டுக்கு மோட்டாரை ஓடவிட்டேன்.

எடையே இல்லாத இடத்தில் முளைத்தால் மல்லாட்டையின், அதான் வேர்க்கடலையின், வேர் எந்தப் பக்கம் போகும்? இதுதான் எங்கள் கேள்வி. செஞ்சியில் எடையைப் போக்க முடியாது. அதனால் பன்னிரண்டு விதைகளை நிமிர்த்தி வைத்த தட்டில் பொருத்தி, நிமிடத்துக்கு ஒரு சுற்றாக எழுபத்திரண்டு மணி நேரம் சுற்றவிடுகிறேன். நடுவில் நின்றால் கீழே எது என்று வேருக்குத் தெரிந்துவிடும். எல்லாம் போச்சு.

தட்டைத் தாங்கும் ஸ்டாண்டின் ஒரு கால் குட்டை. ஆடிக்கொண்டே இருக்கிறது.

நைனா எட்டிப் பார்த்தார். "வெதைக்க வச்ச மல்லாட்டைய எடுத்து ராட்டினம் சுத்துறியா? வேரு கீழதான் போவும். இதுக்கு ஒரு காலேஜா?"

பிப்ரவரி 14

பாரதியிடமிருந்து ஒரே வரி. "நாளைக்கு வரேன். ஒரு கையெழுத்து வேணும்."

என்ன கையெழுத்து என்று எனக்குத் தெரியாதா?

பிப்ரவரி 15, சனி

மடச்சி நான்! இன்றைக்கு மாதாந்திரக் கரண்ட் ஷட்டவுன், ஒன்பதிலிருந்து ஐந்து வரை. ஊரே நேற்றே மாவாட்டி, டேங்க் நிரப்பி வைத்துவிட்டது. விண்வெளியை யோசித்தவளுக்கு இது தெரியவில்லை.

மோட்டார் நின்றதும் ஓடிப்போய்க் கையால் சுற்றினேன். சுவர்க் கடிகாரத்தின் நொடிமுள் போகிற வேகத்தில். இரண்டு மணி நேரத்தில் தோள் மரத்துவிட்டது.

பதினொன்றுக்குப் பாரதி வந்தாள். கையில் விலகல் கடிதம். குழுத் தலைவி நான் கையெழுத்துப் போட வேண்டும்.

"சாப்டியா?"

"இல்ல."

"தள்ளு."

அவள் சுற்றினாள், நான் சாப்பிட்டேன். பிறகு மாற்றி மாற்றிச் சுற்றினோம். வேலைக்கான டிரெய்னிங்குக்கும் இதுக்கும் சேர்த்து நேரம் இருக்காது என்றாள். நான் "ம்" என்றேன்.

நாலு மணிக்குக் கடிதத்தை நீட்டினாள். வலது கை தட்டில் இருந்ததால் இடது கையால் போட்டேன். அவள் குனிந்து ஸ்டாண்டில் ஏதோ செய்தாள். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாள்.

போகாதே என்று ஏன் எனக்குச் சொல்ல வரவில்லை? ஐந்து மணி வரைக்கும் அழுதுகொண்டே சுற்றினேன்.

பிப்ரவரி 16, ஞாயிறு

எட்டு மணி. முடிந்தது. ஒவ்வொரு வேரும் நான் வைத்த திசையிலேயே போயிருக்கிறது. ஒன்றுகூடக் கீழே வளையவில்லை.

நைனா தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "கீழ போவலியே... கீழ போவலியே."

காட்ட வேறு யார் இருக்கிறார்கள்?

ஸ்டாண்டைத் தூக்கினேன். குட்டைக் காலுக்கு அடியில் நாலாக மடித்த காகிதம். பிரித்தால், என் கோணல் கையெழுத்து.

பிப்ரவரி 17

"லெட்டர விட்டுட்டுப் போய்ட்ட" என்று பாரதிக்கு அனுப்பினேன்.

"ஸ்டாண்டு ஆடிச்சு" என்று மட்டும் பதில் வந்தது.

விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன். பெயர்கள் இரண்டு.