சீட்டடி சுவிட்ச்

தாமரைச்செல்விக்கு,

காளவாசலில் எனக்குக் குறையொன்றும் இல்லை. உன் இடுப்புவலி தேவலையா?

பட்டறைக்கு ஒரு கார் வந்தது. சாவியைத் திருகினால் இன்ஜின் சுற்றுகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை. பெட்ரோல் பம்பு சத்தமே கேட்கவில்லை. தேடினால், திருட்டுக்குப் பயந்து சீட்டடியில் ஒளித்துவைத்த சுவிட்ச் அணைந்திருந்தது. போட்டதும் கிளம்பியது.

காரின் சொந்தக்காரர் போன மாதம் இறந்துவிட்டார். அவர் மனைவி சொன்னார்: "வண்டிய விட்டு இறங்குறப்பல்லாம் அத அமத்திட்டுத்தான் இறங்குவாரு தம்பி."

எடுத்துப்போக ஆள் வராததால் கார் இன்னும் இங்கேதான். தினமும் சுவிட்சைப் போட்டு வைக்கிறேன், காலையில் அணைந்திருக்கிறது. லூஸாக இருக்கும்.

உன் பழைய சேலை ஒன்றைக் கம்பம் பஸ்ஸில் கொடுத்துவிடு, ஆரப்பாளையத்தில் வாங்கிக்கொள்கிறேன். போர்த்திக்கொள்ளத்தான்.

முதலாளி வந்துவிட்டார். பட்டறையில் தனியாகப் படுக்கிறேனே என்று வருந்தாதே. கதவை உள்ளே பூட்டித்தான் படுக்கிறேன். இறங்கியவர் வெளியே போயிருக்க வழியில்லை.

ஜெயபாண்டி