படகு ஏணியில் ஒரு பின்பாக்கெட்

'அன்புள்ள' என்று போட அம்மா இன்னும் உத்தரவு தராத அண்ணனுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிக்கப்படுவது என்னவென்றால், நம் வீட்டுச் சமையலறைக் குழாய் சொட்டுவதை நிறுத்திவிட்டது. அப்பா பழைய சைக்கிள் ட்யூபை வெட்டிக் கட்டினார். தண்ணீர் சம்பந்தப்பட்ட சேதி என்றால்தான் நீ படிப்பாய் என்று இதை முதலில் போட்டேன். கடலுக்கு அடியில் நீ சௌக்கியமாக இருப்பதைப் படத்தில் பார்த்துத் தெரிந்துகொண்டோம், தரைக்கு மேலே நாங்கள் எப்படி என்று நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். இது அம்மாவின் கடிதம். வலது கை மாவுக்கட்டில் கிடப்பதால் தையல் கடை வெட்டு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அவள் சொல்கிறாள், இந்தப் பக்கம் நான் எழுதுகிறேன். போனில் உன்னோடு பேசமாட்டாளாம். அவள் சொல்வதை அப்படியே எழுதினால் தாள் கருகிவிடும் என்பதால் அங்கங்கே தண்ணீர் தெளித்து எழுதுகிறேன்.

அம்மா சொல்கிறாள், துணி மூட்டையோடு கடைப் படியில் சறுக்கி விழுந்து மணிக்கட்டு உடைந்த அன்று, உள்ளே தகடு வைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும் முதலில் உனக்குத்தான் போன் போட்டாளாம். நீ என்ன சொன்னாய், "லீவே கெடைக்காதும்மா, வேலையில மூழ்கிக் கெடக்கேன்" என்றாய். இவளும் வலியோடு வலியாக "பரவால்லப்பா, நீ வேலையப் பாரு" என்று உனக்கே ஆறுதல் சொன்னாள். ஜாக்கெட் வாங்க வந்தவர்கள், ஜிப் மாற்ற வந்தவர்கள், சும்மா எட்டிப் பார்த்தவர்கள் எல்லாரிடமும் "பெரியவனுக்குத் தலைக்கு மேல வேலை" என்று பெருமையாகச் சொல்லி வைத்தாள். தலைக்கு மேலே இருந்தது தண்ணீர் என்று இப்போதுதானே தெரிகிறது. மூழ்கிக் கிடந்தாய் என்பதில் மட்டும் பொய்யே இல்லை அண்ணா, அதற்காக உன்னை மெச்சுகிறேன். ஒரு தீவு போதவில்லை, நீயும் உன் கூட்டாளிகளும் காக்கா மாதிரி தீவுக்குத் தீவு தாவியிருக்கிறீர்கள். இங்கே அம்மா ஆஸ்பத்திரியில் ஒரு கட்டிலிலிருந்து இன்னொரு கட்டிலுக்குத் தாவினாள், அதைப் படம் எடுக்க ஆளில்லை.

உன்னைக் கையும் களவுமாகப் பிடித்தது யார் என்று கேள். நான்தான். 'ஒட்டகம்' என்று நீங்கள் பட்டப்பேர் வைத்த உன் கூட்டாளி போனில் போட்ட படத்தில், கண்ணில் கண்ணாடி, வாயில் குழாய், முதுகில் சிலிண்டர், காலில் வாத்துத் துடுப்பு என்று முழு மாறுவேடத்தில் படகு ஏணியில் ஏறிக்கொண்டு திரும்பிப் பார்த்தாயே, பெற்ற தகப்பனுக்கே அடையாளம் தெரியாத அந்தக் கோலத்தில் உன்னை ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டேன். என் கண்ணுக்கு முன்னால் போலீஸ் நாயெல்லாம் எம்மாத்திரம். இனி பொய் சொல்வதானால் நான் தூங்கும்போது சொல்.

அம்மா இதையும் எழுதச் சொல்கிறாள். "எனக்கு ஒத்தப் பிள்ளைதான்னு நெனச்சுக்கறேன், அதுவும் உருப்படாத பிள்ளைன்னு எழுதுடா." அந்த உருப்படாதவன் நான் என்பதால் இரண்டு பேருக்கும் ஒரே வரியில் வேலை முடிந்தது. மீன் கூட்டத்தைப் பார்க்கப் பத்து நாள் கிடைத்தவனுக்கு மனுஷங்களைப் பார்க்க ஒரு நாள் கிடைக்கவில்லையா என்று கேட்கிறாள். அப்பாதான் இப்போது அடுப்படிக்குப் பொறுப்பு. அவர் சமையல் செய்கிறார், பாதி நாள் உப்பு இல்லை, மீதி நாள் உப்பு மட்டும்தான். மாலையில் கடையில் உட்கார்ந்து பட்டன் தைக்கிறார், நேற்று ஒரு சட்டையைத் தன் லுங்கியோடு சேர்த்துத் தைத்துக்கொண்டு எழுந்திருக்க முடியாமல் தவித்தார். அம்மாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

வரும் வெள்ளிக்கிழமை கட்டைப் பிரிக்கிறார்கள். கட்டைவிரல் மடங்குமா, கத்திரி பிடிக்க வருமா என்று அன்றைக்குத்தான் தெரியும். வராவிட்டால் கடை இல்லை, அவ்வளவுதான். உன்னை வரச் சொல்லி எழுதக் கூடாதாம். நான் எழுதவில்லை, வெள்ளிக்கிழமை என்று மட்டும் எழுதியிருக்கிறேன், அது வெறும் கிழமை. காதில் தண்ணீர் நின்றால் சீழ் பிடிக்கும், டாக்டரிடம் காட்டச் சொல் என்கிறாள், உடனே, காட்டினால் என்ன காட்டாவிட்டால் என்ன, எனக்கென்ன என்கிறாள். இரண்டையும் போட்டுவிட்டேன், வேண்டியதை எடுத்துக்கொள். எங்கே இருந்தாலும் மூச்சு முட்டாமல் இரு என்பதுதான் இன்றைக்கு ஆசீர்வாதம், இதற்கு மேல் கேட்காதே.

இப்படிக்கு,
இடது கையால் கோணலாகக் கையெழுத்துப் போட்டிருக்கும்
உன் அம்மா

பி.கு. அம்மா மாத்திரை போட உள்ளே போயிருக்கிறாள், அதற்குள் ஒன்று. உன்னைக் கண்டுபிடித்தது நானில்லை. யாரோ ஒரு தடியன் என்று நினைத்து, "இந்தத் தவளையப் பாரும்மா" என்று சிரிக்க வைக்கத்தான் படத்தை நீட்டினேன். உன் முகத்தை அவள் பார்க்கவேயில்லை. இடது கை விரலால் பெரிசாக்கி, அரை டிராயரின் பின்பாக்கெட்டைப் பார்த்தாள். மூலையில் அரக்கு நூலில் குட்டி முக்கோணம், நம் இரண்டு பேர் துணியில் மட்டும் போடுவாளே, அது. விழுவதற்கு முதல் நாள் தைத்து உனக்கு அனுப்பிய ஆபீஸ் பேன்ட் அது, முழங்காலோடு வெட்டியிருக்கிறாய். "என் தையல்" என்று மட்டும் சொன்னாள். படத்தை இன்னும் பெரிசாக்கிப் பார்த்துவிட்டு இன்னொன்றும் சொன்னாள், எழுதாதே என்றாள், எழுதுகிறேன். "ஓரம் மடிக்காம வெட்டியிருக்கான், நூல் பிரிஞ்சிரும். எடுத்துட்டு வரச் சொல்லு, மடிச்சு அடிச்சுத் தரேன்."