நைனா கொடுத்த இருபது நிமிடம்

என் அருமை நைனா,

நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. அம்மா மறுபடியும் காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறாள். நான் மறுபடியும் நீட்டுக்குப் படிக்கிறேன். அடுத்த மாதம் தேர்வு. இதுவும் போனால் வண்ணாரப்பேட்டையில் ஏதாவது துணிக்கடைக்கு வேலைக்குப் போவதாகச் சொல்லிவிட்டேன்.

ஹார்பரில் வேலை இல்லாத ஞாயிறெல்லாம் எனக்காக நீ வாட்ச்சும் கையுமாக உட்கார்ந்திருப்பாய். நான் மணி பார்த்துப் பதறுகிறேன் என்று சுவர்க் கடிகாரத்தைக் கழற்றிப் பீரோவில் வைத்துவிட்டாய். மாதிரித் தேர்வுக்கு மூன்று மணி நேரம். கடைசி வட்டத்தை நிரப்பி நான் நிமிர்ந்த பிறகுதான், நேரம் முடிந்தது என்பாய். எனக்கு எவ்வளவு தலைக்கனம் தெரியுமா?

போன வருடம் நிஜத் தேர்வில் மணி அடித்து என் விடைத்தாளை அவர்கள் வாங்கிக்கொண்டபோது இருபது கேள்வி பாக்கி. கேட்டுக்கு வெளியே நின்ற உன்னிடம் ஓடிவந்து சொன்னேன். நீ வீடு வரைக்கும் பஸ் ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாய். மறுபடியும் ஆரம்பிக்கலாம் என்று அடுத்த ஞாயிறு வாட்சை எடுத்து நீட்டினேன்.

"எனக்கு வோணாம்மா. நீயே பாத்துக்கோ" என்று எழுந்து போய்விட்டாய்.

என் மேல் நம்பிக்கை போய்விட்டது என்று நினைத்தேன். அதன்பின் மாதிரித் தேர்வு எழுதவே பிடிக்கவில்லை. உன்னோடும் சரியாகப் பேசவில்லை. நெஞ்சு வலி என்று உன்னை ஆட்டோவில் ஏற்றிய அன்றுகூட மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் இருந்தேன். நீ திரும்பி வரவில்லை.

போன வாரம் நானே மணி வைத்து எழுதினேன். மறுபடியும் இருபது கேள்வி நின்றுவிட்டது. நைனா இருந்தபோது முடித்தேனே என்று அம்மாவிடம் அழுதேன். மீன் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

"நீ எங்க முட்ச்ச? இருபது நிமிசம் தள்ளித்தான் உங்க நைனா டைம் சொல்வாரு. புள்ள அழுவுதேன்னு மனசு கேக்கல அவருக்கு. நீ பரிட்சைல கோட்ட வுட்டதுலேர்ந்து, நான்தான் கெடுத்துட்டேன், எப்டி அவகிட்ட சொல்வேன்னு பொலம்பிகினே இருந்தாரு."

ஏன் நைனா சொல்லவில்லை? ஒரு நாள் கத்தியிருப்பேன், இரண்டு நாள் கத்தியிருப்பேன். அப்புறம் உன்னிடம்தானே வந்து உட்கார்ந்திருப்பேன்? இப்போதும் உன் மேல் கோபம் இருக்கிறது. அதைவிட என் மேல் அதிகம்.

இனி சரியாக மூன்று மணி நேரம்தான். மணி அடித்தால் எத்தனை பாக்கி இருந்தாலும் பேனாவை வைத்துவிடுவேன். சீட்டு கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்காவிட்டால், உன்னால்தான் என்று மட்டும் யாரிடமும் சொல்ல மாட்டேன்.

உன்னோடு பேசாமல் இருந்துவிட்ட உன் மகள்,
ஸ்டெல்லா