குடியை நிறுத்தச் செல்லாத அட்டை

என் பேச்சை ஒருநாளும் கேட்காத என் தங்கத் தம்பி தனபாலுக்கு,

குடியை நிறுத்த வைத்தியம் கேட்டு நீ போய் நின்றபோது, அரசாங்கக் காப்பீட்டு அட்டை இதற்குச் செல்லாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்த போகம் மல்லாட்டைக் கடலை பிடுங்குவதற்குள் ரத்தம் கக்கிக்கொண்டு மறுபடி அங்கேயே போனாய். அப்போது அதே ஆஸ்பத்திரியில் அதே அட்டை செல்லும் என்றார்கள். உனக்கு நடந்த அநியாயம் இதுதான். தலைவிதி என்று சொல்லி யாரும் என்னிடம் தப்பிக்க முடியாது.

"குடிச்சே செத்தான்" என்று காரியத்துக்கு வந்தவர்களே பேசிக்கொண்டு போனார்கள். குடித்தாய்தான். இல்லையென்று நான் எழுதப்போவதில்லை. நிறுத்தவும் போனாயே, அதை யார் பேசுகிறார்கள்?

அரசு ஆஸ்பத்திரியில் மாத்திரை கொடுத்தார்கள். கை நடுக்கம் நின்றது. வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் குடித்தாய். அங்கே இருந்த டாக்டரம்மா நல்லவர். "இவரு சில மாசம் ஒரே எடத்துல தங்கி வைத்தியம் பாக்கணும்மா. எங்ககிட்ட அவ்ளோ நாள் வெச்சிக்கப் படுக்கை இல்ல" என்றார். அதனால்தான் திண்டிவனத்துத் தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். காப்பீட்டு அட்டை ஏற்கப்படும் என்று வாசலிலேயே பெரிதாக எழுதியிருந்தது. பஸ் பலகைகளைப் பார்த்தே எழுத்துப் படித்தவள் நான். எழுதியிருந்ததை நம்பினேன்.

அதற்கு முன்னால் உன் பெண்டாட்டி கஸ்தூரி உன்னைத் திருவாமாத்தூருக்கு இழுத்துப் போனது நினைவிருக்கிறதா? அங்கே வட்டப்பாறையில் பொய்ச் சத்தியம் செய்தவன் உருப்பட மாட்டான் என்பது நம் பக்கத்து நம்பிக்கை. இனிமேல் குடிக்க மாட்டேன் என்று நீ சொல்ல வேண்டும், அவ்வளவுதான். எல்லாரும் அதைத்தான் சொல்லுவார்கள்.

நீ சொல்லவில்லை. "குடிக்க மாட்டேன்னா அது நாளைக்கே பொய்யாப் பூடும். குடிச்சா குடிச்சேன்னு சொல்லுவேன், மறைக்க மாட்டேன். அதான் என் சத்தியம்" என்றாய். "இத்த சொல்றதுக்கா பஸ்ஸு புடிச்சி வந்தோம்?" என்று கஸ்தூரி தலையில் அடித்துக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சாமி உண்டா இல்லையா என்பதில் எனக்கு இன்னும் வழக்கு இருக்கிறது. ஆனால் அந்தப் பாறை கேட்டதிலேயே யோக்கியமான சத்தியம் உன்னுடையதுதான்.

அதுவே திண்டிவனத்துக் கவுண்டரில் உன் காலை வாரியது.

"குடிக்கு அட்டை பாஸ் ஆவாதுண்ணே. வயித்து வலின்னு போட்டுக்கறேன். டாக்டர் கேட்டா குடிப் பழக்கம் இல்லன்னு சொல்லிடுங்க" என்றான் கவுண்டரில் இருந்தவன்.

"குடிக்கிறேன் சார். அதுக்குத்தான வந்துக்கிறேன்."

"அட, சும்மா வாயில சொல்லுங்கண்ணே."

"பாறையில சொல்லிட்டேன் சார். இதுல பொய் சொல்ல முடியாது."

"பாறையிலயா? அங்கயே குடிக்க மாட்டேன்னு சொல்லியிருக்கலாமே!"

"அது பொய்யா ஆயிருக்கும் சார்."

வரிசையே சிரித்தது. நீயும் சிரித்தாய். "வயிறு வீங்கினா வாங்கண்ணே, அப்ப அட்டை போட்டுக்கலாம்" என்று அவன் அனுப்பினான். அவன் கெட்டவனில்லை. உள்ளதைத்தான் சொன்னான். அதுதான் எனக்கு ஆறவில்லை.

கூட்டேரிப்பட்டில் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் "நீ போக்கா, நான் வர்றேன்" என்றாய். எந்தக் கடைக்குப் போகிறாய் என்று தெரியும். உன் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றேன். வேறென்ன செய்திருக்க முடியும், சொல்லு?

கடைசியில் வயிறு வீங்கி, ரத்தம் கக்கித்தான் அங்கே போனாய். அவனே ஓடியோடி அட்டையைப் பதிந்தான். குடிப்பாரா என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்ல உனக்கு நினைவில்லை.

விழுப்புரம் கலெக்டர் ஆபீசில் மனு வாங்கும் நாளில் நானே எழுதிக்கொண்டு போனேன். "அந்த நோய் திட்டத்துல இல்லம்மா" என்றார் மேசைக்குப் பின்னால் இருந்தவர். "நோயின்னு நீங்களே சொல்றீங்களே சார், அப்புறம் இன்னா இல்ல?" என்றேன். அவர் என் பின்னால் நின்றவரைக் கூப்பிட்டார். மறுபடி போனேன். வேறொருவர் இருந்தார், பதில் அதேதான்.

உன்னோடு குட்டியானை லோடு வண்டி ஓட்டிய ஏழுமலை இப்போது நீ இருந்த நிலையில் இருக்கிறான். நேற்று அவன் பெண்டாட்டி செல்வி அட்டையோடு வந்தாள். "அக்கா, கவுண்டர்ல இன்னா சொல்றது? நெசத்த சொன்னா சேத்துக்க மாட்டாங்க. பொய் சொல்லி சேத்து, குடி நின்னதும் வலிப்பு கிலிப்பு வந்துச்சின்னா, டாக்டருக்கு எப்படித் தெரியும்?"

அவளுக்குச் சோறு போட்டேன். சாப்பிடாமல் போய்விட்டாள்.

ஆனாலும் கேட்பதை விடப்போவதில்லை. திட்டத்தை வகுக்கிற அதிகாரிகள், கல்லீரல் கெடும்வரை காத்திருக்காமல் குடிநோயை அதில் சேர்க்க வேண்டும். தங்கிப் பார்க்கும் மாதங்களுக்கும் அட்டை செல்ல வேண்டும். அரசு ஆஸ்பத்திரியில் அதற்கென்று படுக்கை போடுவது சுகாதாரத் துறையின் வேலை. ஓட்டுக் கேட்டு நம் தெருவுக்கு வந்தவர் இதைச் சட்டமன்றத்தில் எழுந்து கேட்க வேண்டும். கவுண்டரில் இருப்பவர்கள் பொய் சொல்லிக்கொடுப்பதை நிறுத்திவிட்டு, ஏன் சேர்க்கவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். குடிக்கிறவன் குடிக்கிறேன் என்று சொல்லும்போது வரிசையில் நிற்பவர்கள் சிரிக்கக் கூடாது.

நான் செய்ய வேண்டியதும் ஒன்று இருக்கிறது. திங்கட்கிழமை ஏழுமலையோடு அந்தக் கவுண்டரில் நிற்பேன். அவன் உண்மையைச் சொல்லட்டும். அடுத்த ஆள் என்று கூப்பிட்டாலும் நான் நகர மாட்டேன். கூட்டேரிப்பட்டில் அவனைத் தனியாக இறங்கவும் விட மாட்டேன், தம்பி.

இப்படிக்கு,
உன் சத்தியத்தைப் பக்கத்தில் நின்று கேட்ட அக்கா,
அஞ்சலை