அத்தாவின் வலது கால்

2024 ஜூலை 6, சனி
காலையில் அத்தாவிடமிருந்து கார் சாவியை வாங்கிக்கொண்டேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். உடனே எடுத்து நீட்டிவிட்டார். அதுதான் உறுத்துகிறது.

போன வாரம் நிபோங் திபால் போகும் வழியில் க்ரூஸ் தானாக அணைந்திருக்கிறது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலும் வண்டியை ஒரே வேகத்தில் கொண்டுபோவது அதுதான். வேகம் குறைந்ததும் பின்னால் வந்த லாரி இடிக்கப் பார்த்ததாம். "ஸ்பீடு முள்ளு திடீர்னு சைபருக்கு விழுது அஃப்ரீன், அப்பறம் க்ரூஸ் போயிடுது" என்றார்.

ஜுருவில் நான் வேலை பார்க்கும் பட்டறையில் காருக்கு ஸ்கேனர் மாட்டினேன். பத்து நிமிடம் ஓட்டினேன். கோளாறு எதுவும் இல்லை. பிரேக்கைத் தொட்டாலும் க்ரூஸ் அணையும். முட்டி வலியில் மரத்துப்போன கால், தெரியாமல் தொட்டிருக்கும். முள் விழுந்தது? எழுபத்து மூன்று வயதுக் கண்.

"உங்க கால்தான் அத்தா" என்றேன். பதினோரு வருடமாக வண்டி பழுது பார்க்கும் மகள் சொல்கிறேன், சும்மாவா?

ஜூலை 20, சனி
நிபோங் திபாலில் இருக்கும் தம்பு மாமாவைப் பார்க்க அத்தா போகாத மூன்றாவது சனி. துறைமுகத்தில் ஒன்றாக வேலை பார்த்தவர்கள். மாமா பக்கவாதத்தில் விழுந்ததிலிருந்து வாராவாரம் போய்ப் பலகை விரித்து டாம் ஆடுவார். மாமாவின் காயையும் இவரே நகர்த்துவார். முட்டி வலியோடு அவ்வளவு தூரம் ஓட்ட முடிந்ததே க்ரூஸால்தான். வாடகைக் காரில் போகச் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார். எனக்கோ சனி முழுநாள் வேலை.

"அடுத்த வாரம் கூட்டிட்டுப் போறேன் அத்தா."

"உனக்கு பிசி லா. பரவால்ல."

ஆகஸ்ட் 3, சனி
மறுபடியும் அடுத்த வாரம் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்
தம்பு மாமா காலையில் இறந்துவிட்டார். மகள் பிரஷாந்தி போன் செய்தாள். "சனிக்கிழமையானா வாசலையே பாத்துட்டு இருப்பாரு அக்கா."

அத்தாவின் காரிலேயே கிளம்பினோம். ஜுரு தாண்டியதும் தொண்ணூறில் க்ரூஸ் போட்டேன். கொஞ்ச தூரம்தான் — முள் அப்படியே சைபர். க்ரூஸ் அணைந்தது. என் கால் எதன்மேலும் இல்லை.

அத்தா முள்ளைப் பார்த்தார். பிறகு ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

திட்டியிருக்கலாமே அத்தா! ஏன் திட்டலை?

ஆகஸ்ட் 16, வெள்ளி
கியர்பாக்ஸின் மேலே இருக்கும் வேக சென்சார். ப்ளக்கில் மயிரிழை விரிசல். நன்றாகச் சூடேறினால் மட்டும் தொடர்பு விட்டுப்போகிறது. வேகம் தெரியாமல் போனால் க்ரூஸ் தானே அணைந்துவிடும். அத்தா சொன்னது ஒன்றுவிடாமல் சரி.

வேறு யாராவது கொண்டுவந்திருந்தால் "வண்டி சூடானப்பறம்தான் வருதா அங்கிள்?" என்று கேட்டிருப்பேன். நெடுஞ்சாலையில் ஓட்டியும் பார்த்திருப்பேன். அத்தாதானே என்று பத்து நிமிடத்தில் முடித்துவிட்டேன். சென்சார் மாற்ற அரை மணி நேரம்கூட ஆகவில்லை.

ஆகஸ்ட் 17, சனி
சாவியை நீட்டினேன். "மன்னிச்சிடுங்க அத்தா."

"விடும்மா." ஆனால் வாங்கவில்லை. "இனிமே எங்க போறது? நம்மாளா இருந்தா கபுர்லயாவது போய் நிக்கலாம். அவனை எரிச்சு கடல்ல கரைச்சிட்டாங்களே."

ஆகஸ்ட் 24, சனி
லீவு போட்டேன். எத்தனை சனிக்கிழமை போட்டிருக்கலாம்.

அத்தாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, க்ரூஸ் போட்டு, கடல் பாலத்தில் ஓட்டினேன். முள் அசையவில்லை. பாதிப் பாலத்தில், கடலைப் பார்த்தபடி, "கொஞ்சம் மெதுவா போம்மா" என்றார். பிறகு உதடு அசைந்தது. "தம்பு" என்பது மட்டும் கேட்டது.

க்ரூஸ் அணைந்தது. இந்த முறை பிரேக்கை மிதித்தது என் கால்.