கொச்சித் துறைமுக வாசலில் நீ பாடியது

அம்மாவுக்குச் சுக்கு வாங்க இன்று காலை காளவாசல் நாட்டு மருந்துக் கடைக்குப் போயிருந்தேன். எனக்கு முன்னால் நின்றவர் அதிமதுரம் கேட்டார். கடைக்காரர் டப்பாவைத் திறந்ததும் அந்த வாசனை வந்து முகத்தில் மோதியது. மேடை ஏறுவதற்கு முன் நீ வாயில் ஒதுக்கிக்கொள்வாயே, அந்தக் குச்சியின் வாசனை. "ஒங்களுக்கு என்னம்மா?" என்று கடைக்காரர் கேட்டது காதில் விழுந்தது. வந்த வேலை மறந்துபோய், ஒன்றும் வாங்காமல் வெளியே வந்து, பஸ் ஹாரன்களுக்கு நடுவே கொஞ்ச நேரம் நின்றேன். நீ போன பிறகு உனக்கு எழுத வேண்டும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை. இன்று எழுதாமல் இருக்க முடியவில்லை.

நம்மைச் சேர்த்து வைத்தது திருமங்கலத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. மெல்லிசைக் குழுவில் நான் கீபோர்டு. நீ கோரஸ், பின்வரிசையில் ஓரமாக நிற்பாய். அன்று பாட வேண்டிய அக்காவுக்குக் காய்ச்சல் என்று கடைசி நிமிடத்தில் போன் வந்தது. குழுவை நடத்தும் அண்ணன் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். நீ முன்னால் வந்து, "அண்ணே, நான் பாடுறேன். நல்லா இல்லேன்னா மைக்க ஆப் பண்ணிருங்க" என்றாய். யாரும் மைக்கை அணைக்கவில்லை. சாப்பிடக் கிளம்பிய கூட்டத்தில் பாதி திரும்பி வந்து உட்கார்ந்தது. ஊர் திரும்பும் வேனில் என் பக்கத்து இருக்கையில் வந்து விழுந்து, "ஏ புள்ள, கையத் தொட்டுப் பாரு" என்று என் மடியில் கையை வைத்தாய். சில்லென்று இருந்தது.

கப்பல் வேலை என்று ஒன்று இருப்பதே நமக்கு அதுவரை தெரியாது. பெரிய உல்லாசக் கப்பல்களில் மாலை நேரத்தில் பாடவும் வாசிக்கவும் ஆள் எடுக்கிறார்கள், இரண்டு பெண்கள் சேர்ந்து வந்தால் உடனே எடுப்பார்கள் என்று ஒரு டிரம்மர் சொன்னார். எங்கள் வீட்டு மொட்டைமாடி அறையில் வைத்து வீடியோ எடுத்தோம். பக்கத்து வீட்டு மிக்சி நிற்கும் வரை காத்திருந்து காத்திருந்து எடுத்தோம். ஆங்கிலப் பாட்டுகளைத் தமிழ் எழுத்தில் எழுதி வைத்துப் பாடினாய். "அர்த்தம் தெரியாம எப்பிடிடி பாடுற?" என்று கேட்டேன். "அழுகுற பாட்டா சிரிக்கிற பாட்டான்னு மட்டும் சொல்லு, போதும்" என்றாய்.

வேலை கிடைத்தது என்று மின்னஞ்சல் வந்த அன்று நீ குதிக்கவில்லை. மாடிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாய். "அய்யாவுக்கு மட்டும் தெரியக் கூடாதுடி." அய்யா என்று நீ கூப்பிடும் உன் அப்பா, சமயநல்லூரைத் தாண்டி நெல்லும் வாழையும் போடுகிறவர். தெரிந்தவர்கள் வீட்டுக் கல்யாணங்களில் நீ பாடுவதையே பல்லைக் கடித்துக்கொண்டுதான் அனுமதித்தார். கப்பலில் வரவேற்பு மேசையில் வேலை என்று அவரிடம் சொன்னாய். உன் அம்மாவுக்கு உண்மை தெரியும். அவர் வாயைத் திறக்கவில்லை.

கடல்மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத ஓர் அறை. மேல் படுக்கை உனக்கு, கீழ் படுக்கை எனக்கு. அலை பெரிதாக இருந்த நாட்களில் என் கீபோர்டு நகர்ந்து நகர்ந்து போகும், அதைக் கயிறு போட்டுக் கட்டில் காலோடு கட்டி வைப்பேன். பாடுவது மட்டும் வேலை இல்லை. ஆபத்து நேர்ந்தால் பயணிகளை உயிர்காப்புப் படகுக்குக் கூட்டிப்போகும் பொறுப்பும் நமக்கு உண்டு. மிதவைச் சட்டையை எப்படி மாட்டுவது என்று வெள்ளைக்காரப் பாட்டிகளுக்கு நீ செய்து காட்டுவாய். "நீச்சலே தெரியாத என்ன நம்பி இம்புட்டுப் பேரு நிக்கிறாக பாரு" என்று தமிழில் சொல்லிவிட்டு அவர்களைப் பார்த்துச் சிரிப்பாய். அவர்களும் சிரிப்பார்கள்.

முதல் மாலை ஒருவர்கூட நம்மைத் திரும்பிப் பார்க்கவில்லை. எல்லோரும் கையில் கோப்பையோடு பேசிக்கொண்டிருந்தார்கள். நான் கீபோர்டுக் கட்டைகளையே பார்த்துக்கொண்டு வாசித்தேன். நீ என் பக்கம் குனிந்து, "கல்யாண மண்டபத்துல பந்திக்குப் போற கூட்டந்தான்டி இதுவும். ஒரே ஒரு ஆளப் பிடிப்போம்" என்றாய். மூலையில் தனியாக இருந்த ஒரு பெரியவரைப் பார்த்து, அவர் ஒருவருக்காகவே பாடினாய். அவர் கோப்பையைக் கீழே வைத்தார். பிறகு பக்கத்து மேசை அமைதியானது. பிறகு அதற்கடுத்த மேசை. அந்தப் பயணம் முடியும்போது நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நின்று கேட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் யாரோ எடுத்த வீடியோதான் எல்லாவற்றையும் கலைத்தது. சிவப்பு கவுனில் நீ பாடுகிறாய், பின்னால் கண்ணாடி அலமாரி நிறைய மது பாட்டில்கள். சுற்றிச் சுற்றி அது உன் சித்தப்பா மகன் போனுக்கு வந்தது. அங்கிருந்து அய்யா கைக்குப் போனது. அவர் கத்தவில்லை, ஏசவில்லை. போனுக்கு வருவதை நிறுத்திவிட்டார். ஒவ்வொரு முறையும் உன் அம்மா, "அய்யா வயலுக்குப் போயிருக்காக" என்பார். ஒருநாள் போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாய். "அறுப்பே முடிஞ்சு போச்சு. எந்த வயலுக்குடி போவாரு?" அன்று மாலையும் பாடினாய். எந்தச் சுருதியும் பிசகவில்லை. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

கொழும்பு போகும் வழியில் கப்பல் கொச்சியில் நின்றது. கரையில் இறங்கிக் கடைக்குப் போகலாம் என்று வெளியே வந்தோம். துறைமுக வாசலுக்கு எதிரே, டீக்கடை பெஞ்சில், வெள்ளை வேட்டியோடு அய்யா உட்கார்ந்திருந்தார். கப்பல் வரும் நாளை உன் அம்மா சொல்லியிருக்கிறார். கம்பம் மலை வழியாக பஸ் மாறி மாறி வந்திருக்கிறார். நீ அப்படியே நின்றுவிட்டாய். நான்தான் உன் கையைப் பிடித்து ரோட்டைக் கடந்தேன்.

"கெளம்பு, வீட்டுக்குப் போவோம்" என்றார்.

"கையெழுத்துப் போட்டிருக்கேன் அய்யா. பாதியில வர முடியாது."

"குடிக்கிற எடத்துலயா பாடுற?"

"ஆமா."

"அதச் சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா விட்டிருப்பீகளா?"

டீக்கடைக்காரர் கொண்டுவந்து வைத்த டீ ஆறிக்கொண்டிருந்தது. அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டே, "அம்புட்டுத் தூரம் போயி அப்பிடி என்னதான் பாடுற? பாடு, கேப்போம்" என்றார்.

கோபத்தில் சொல்கிறார் என்று நான் நினைத்தேன். நீ அப்படி நினைக்கவில்லை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு, அந்த பெஞ்சிலேயே அவர் பக்கத்தில் உட்கார்ந்து, நம் கடைசிப் பாட்டாக எப்போதும் வைத்திருக்கும் அந்த மெதுவான ஆங்கிலப் பாட்டைப் பாடினாய். மைக் இல்லை, என் கீபோர்டும் இல்லை. லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். அய்யா தலை நிமிரவே இல்லை. கால் பெருவிரலால் தரையைக் கீறிக்கொண்டிருந்தார். நீ முடித்ததும் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"நேரமாச்சு. கப்பலு போயிரும். ஏறுங்க."

என் பக்கம் திரும்பி, "பாத்துக்க தாயி" என்றார். அவ்வளவுதான். நாம் உள்ளே போகும் வரை அந்த வாசலிலேயே நின்றார். அடுத்த வாரம் உன் அம்மா போனில் சொன்னார்: ஊர் டீக்கடையில் யாரோ ஜாடையாக எதையோ கேட்க, அய்யா, "எம் மக கப்பல்ல பாடுது. ஒங்க வீட்ல யாராச்சும் பாடுவாகளா?" என்று கேட்டிருக்கிறார். படுக்கையில் கவிழ்ந்து படுத்து நீ அழுதாய். சந்தோஷத்தில் அவ்வளவு அழுகிறவளை நான் பார்த்ததில்லை.

அதற்கு அடுத்த ஒப்பந்தத்தில்தான் உன் வயிறு உப்ப ஆரம்பித்தது. "கப்பல் சோறு, வேற என்ன" என்றாய். கவுன் இறுக்கிப் பிடித்தது, பக்கவாட்டுத் தையலைப் பிரித்துப் போட்டுக்கொண்டாய். பிறகு பாட்டுக்கு நடுவில் மைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கத் தொடங்கினாய். கப்பல் மருத்துவர் பார்த்துவிட்டு, அடுத்து வந்த கிரேக்கத் துறைமுகத்தில் உன்னை இறக்கிவிடச் சொன்னார். நான் கூட வர அனுமதி இல்லை. சக்கர நாற்காலியில் உன்னை இறக்கும்போது, உன் வலியைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "ஏ புள்ள, சாயங்காலம் எப்பிடிச் சமாளிப்ப?" என்று கேட்டாய். "நான் பாட்டுக்கு வாசிப்பேன்டி, நீ போ" என்றேன். கோபமாகச் சொல்வதுபோல் சொன்னேன். வேறு மாதிரி சொல்ல என்னால் முடிந்திருக்காது.

சினைப்பையில் புற்று. மதுரைக்கு வந்து அறுவைச் சிகிச்சை முடிந்து, மருந்து ஏற்றிக்கொண்டிருந்தபோது விடுமுறையில் வந்து உன்னைப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தாய். குரல் காய்ந்து இறங்கிப் போயிருந்தது. அய்யா வாசலில் நின்று வாழைத்தாரை வெட்டிக்கொண்டிருந்தார். நான் வந்திருப்பதற்காக வெட்டினாராம். உன் பக்கத்தில் இருந்துவிடுகிறேன், இந்த முறை போகவில்லை என்று சொன்னதும் உனக்கு வந்த கோபம்! "நீயும் இங்க வந்து மூஞ்சியத் தொங்கப் போட்டு உக்காந்தா, நான் எந்தக் கப்பலுக்குத் திரும்பி வருவேன்? போ. போயி எடத்தப் பிடிச்சு வை." நீ நம்பினாயா, இல்லை எனக்காகச் சொன்னாயா? இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. போனேன்.

தனியாகப் பியானோ வாசிக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். கரை கண்ணுக்குத் தெரியாத ஒரு நாளில் அய்யாவே போனில் கூப்பிட்டார். "தாயி, அது போயிருச்சு" என்றார். பிறகு சிக்னல் விட்டுவிட்டு வந்தது. அடுத்த துறைமுகத்துக்கு நாங்கள் போய்ச் சேரும் முன்பே இங்கே எல்லாம் முடிந்துவிடும் என்று புரிந்தது. இன்று வாசிக்க வேண்டாம், ஓய்வெடு என்று இசை மேலாளர் சொன்னார். ஜன்னல் இல்லாத அந்த அறைக்கு என்னால் போக முடியாது. வாசிக்கிறேன் என்றேன்.

கடைசியில் அந்தப் பாட்டு வந்தது. பாதியில் கை தானாக நின்றது. எதற்கு நின்றது என்று எனக்கே ஒரு கணம் புரியவில்லை. பிறகுதான் தெரிந்தது, அது நீ மூச்சு எடுக்கும் இடம். அங்கே நீ கொஞ்சம் நீளமாக மூச்சு எடுப்பாய், அதற்காக நான் காத்திருப்பேன். இத்தனை வருடம் அப்படிக் காத்திருக்கிறேன் என்பதே எனக்குத் தெரியாமல் இருந்தது.

ஊருக்கு வந்ததும் சமயநல்லூரில் பஸ் இறங்கி உங்கள் வீட்டுக்கு நடந்தேன். உன் அம்மா என்னைக் கட்டிக்கொண்டார். அய்யா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தார். உன்னைப் பற்றிப் பேசாமல் மழை, வாழை விலை என்று என்னென்னவோ பேசினோம். நான் கிளம்ப எழுந்தபோது கேட்டார்.

"தாயி, அன்னைக்கிக் கொச்சியில ஒரு பாட்டுப் பாடுச்சே. அதுல என்ன சொல்லுச்சு?"

எதையாவது மாற்றிச் சொல்லியிருக்கலாம். அவர் முகத்தைப் பார்த்ததும் மாற்றத் தோன்றவில்லை. "ஒண்ணுமில்ல அய்யா. போகாத, எங்கூடயே இருந்துருன்னு ஒருத்தர் கேக்குற பாட்டு" என்றேன்.

அவர் நான் குடித்து வைத்த சொம்பைக் கையில் எடுத்தார். "நானும் அதச் சொல்லத்தான தாயி அம்புட்டுத் தூரம் வந்தேன்" என்றார். பிறகு, "நல்லாப் பாடுச்சுல்ல?" என்றார். நல்லாப் பாடினாள் அய்யா என்றேன்.

அடுத்த வாரம் மறுபடியும் கப்பலுக்குக் கிளம்புகிறேன். இந்த முறை என்னோடு வருவது புதிய பாடகி ஒருத்தி. நல்ல குரல், நல்ல பெண். எங்கள் மாடியில்தான் ஒத்திகை பார்க்கிறோம். அவள் மூச்சு எடுக்கும் இடங்கள் வேறு. அந்தப் பாட்டின் நடுவில் நான் நின்றுவிட, அவள் பாடிக்கொண்டே போய்விட, இருவரும் பிரிந்துவிடுகிறோம். "அக்கா, அங்க நிக்க வேணாம், நான் நேரா போயிருவேன்" என்றாள். சரி என்றேன். அடுத்த முறையும் நின்றேன். அதற்கடுத்த முறையும்.

அவள் காரணம் கேட்கவில்லை. நேற்று அந்த இடம் வந்ததும் அவளாகவே நிறுத்தி, என் கையைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தாள். அவளும் பாடவில்லை, நானும் வாசிக்கவில்லை. கீழே தெருவில் யாரோ வண்டியை உதைத்துக் கிளப்பும் சத்தம் மட்டும் கேட்டது. நீ மூச்சு எடுத்து முடிக்கும் வரை இருந்துவிட்டு, நான் அடுத்த கட்டையைத் தொட்டேன்.